புதைபடிவங்கள் பாடிய இசை

அறையிசை மேலைநாட்டு இசைவகைகளுள் ஒன்று. பெரிய பல்லியக் குழு இன்றி, விரல்விட்டு எண்ணத்தக்க கலைஞர்கள் ஒரு கூடத்தில் அமர்ந்து, ஆளுக்கொரு பகுதியை இசைப்பது அதன் இயல்பு. அத்தகைய சிறு குழுவுக்குள் சிங்கத்தையும் யானையையும் மட்டுமன்றி, மண்ணுள் புதைந்து கல்லாகிப்போன தொல்லுயிர்களையும் அழைத்து வந்தவர் பிரான்சு நாட்டு இசையறிஞர் கமீல் சான்-சான்ஸ்.

இவர் பாரிசு நகரில் 1835ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் பிறந்தார். மூன்று திங்கள் நிறையும் முன்னரே தந்தையை இழந்தார். பாட்டி முறையினரான சார்லட் மேசன் இவருக்குப் பியானோ கற்பித்தார். பத்து வயதில் மேடையேறி, மொசார்ட், பெத்தோவன் ஆகியோரின் படைப்புகளை ஏட்டைப் பாராமல் இசைத்தார். பின்னாளில் மேதலேன் தேவாலயத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆர்கன் இசைத்தார். இசையோடு நின்றுவிடும் மனம் இவருக்கு இல்லை. கணிதம், வானியல், நிலவியல், தாவரவியல் ஆகியவற்றிலும் ஆழ்ந்த நாட்டம் இருந்தது. இசைப்படைப்பால் ஈட்டிய பணத்தில் தொலைநோக்கி வாங்கிய இளைஞர் இவர்.

1878இல் பெருந்துயர் நேர்ந்தது. ஆறு வார இடைவெளிக்குள் தம் இரு குழந்தைகளையும் பறிகொடுத்தார்.

1886ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், செருமானிய இசைமேதை வாக்னரைப் பற்றித் தாம் எழுதியவற்றால் அந்நாட்டில் எதிர்ப்புக்கு ஆளானார். மனம் சலித்து ஆஸ்திரியச் சிற்றூர் ஒன்றில் ஒதுங்கினார். ஆங்குப் பிறந்ததே 'விலங்குகளின் திருவிழா'. பதினான்கு சிறு பகுதிகள், பதினோரு கலைஞர்கள். விரைவான துள்ளலாட்ட மெட்டொன்றை ஆமை தள்ளாடித் தள்ளாடி நகர்த்துகிறது. யானைக்கு வாய்த்தது தடித்த குரலுடைய டபுள் பாஸ். ஓயாது சுரவரிசை பயிலும் பியானோ கலைஞரும் இத்திருவிழாவில் ஒரு விலங்கே!

பன்னிரண்டாம் பகுதியே 'புதைபடிவங்கள்'. மரக்கட்டைகளைத் தட்டி ஒலிக்கும் சைலோஃபோன் இதில் எலும்புகளாய்க் கலகலக்கிறது. இடுகாட்டில் எலும்புக்கூடுகள் ஆடுவதாகத் தாமே 1874இல் அமைத்த மெட்டை இவர் இங்கே மீண்டும் கொணர்கிறார். அதனோடு பழைய பிள்ளைப்பாடல்களும் ரொசீனியின் இசைநாடகப் பாடல் ஒன்றும் வந்து கலக்கின்றன. கேட்டுக் கேட்டுப் பழகி இறுகிய மெட்டுகளும் புதைபடிவங்களே என்பது இவர் செய்த நகை. பிறர் பாடல்களோடு தம் மெட்டையும் அவ்வரிசையில் கிடத்தியதே இப்பகுதியின் உயிர்நிலை எனலாம். தம்மையே எள்ளத் துணியாதவருக்கு இது கைவராது.

எனினும், துணிவுக்கும் ஓர் எல்லை இருந்தது. அவ்வாண்டு மார்ச் 9ஆம் நாள் நண்பர் இல்லத்தில் இதனை அரங்கேற்றியவர், பொதுமேடையில் இசைக்க இசையவில்லை. ஆழ்ந்த படைப்பாளி என்னும் பெயருக்கு ஊறு நேரும் என அஞ்சினார். அதே ஆண்டில்தான் இவருடைய மூன்றாம் சிம்பொனி இலண்டனில் முழங்கியது. அஞ்சியது முற்றிலும் பொருளற்றதன்று. நீர்ச்சலனம்போல் இரு பியானோக்கள் ஒலிக்க, செல்லோ தனித்து உருகும் 'அன்னம்' என்னும் ஒரு பகுதியை மட்டுமே 1887இல் அச்சிட ஒப்பினார்.

அல்ஜியர்ஸ் நகரில் 1921 டிசம்பர் 16ஆம் நாள், தம் 86ஆம் வயதில், சான்-சான்ஸ் காலமானார். மறைவுக்குப்பின் வெளியிட அவர் இசைவு அளித்திருந்தமையால், 1922 பிப்ரவரியில் பாரிசுப் பொதுமக்கள் முன்னிலையில் அவ்வெலும்புகள் முதன்முறையாகக் கலகலத்தன.