அஃபேனியின் மகன்

எங்கள் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் லேன் கனெக்ஷன் வந்த புதிதில், யாரோ ஒரு சீனியர் '2பாக்' என்று ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து வைத்திருந்தார். ராத்திரி முழுக்க அதுதான் ஓடும். பாட்டில் எங்களுக்குப் புரிந்தது கெட்ட வார்த்தைகள் மட்டும்தான். அதையும் தப்பான உச்சரிப்பில் மனப்பாடம் செய்து, மெஸ் க்யூவில் ஒருத்தன் மேல் ஒருத்தன் வீசிக்கொள்வோம். டூபாக் ஷகூர் என்பவர் யார், எதற்குச் செத்தார் என்று கேட்க அப்போது ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

போன மாதம் இங்கே கலிபோர்னியாவில் ஒரு பிறந்தநாள் விழா. நண்பரின் 14 வயது மகன் டூபாக் படம் போட்ட டி-ஷர்ட்டில் வந்து நின்றான். நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். ரவுடியின் படத்தைப் போட்டுக்கொண்டு விசேஷத்துக்கு வருவதா என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். பையன் பதில் பேசவில்லை. பிறகு என்னிடம் வந்து, அங்கிள், நீங்க சொல்லுங்க, அவர் ரவுடியா என்று கேட்டான். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கேக் வெட்டக் கூப்பிடுகிறார்கள் என்று நழுவிவிட்டேன். அவனுக்குத் தர வேண்டிய பதில்தான் இது.

கதை டூபாக்கிடம் தொடங்கவில்லை, அவர் அம்மாவிடம் தொடங்குகிறது. அஃபேனி ஷகூர். வட கரோலினாவில் 1947-ல் ஆலிஸ் ஃபே வில்லியம்ஸ் என்ற பெயரில் பிறந்து, நியூயார்க்கில் வளர்ந்து, கருஞ்சிறுத்தைகள் கட்சியில் சேர்ந்தவர். 1966-ல் ஓக்லாந்தில் தொடங்கிய கட்சி அது. துப்பாக்கியோடு போலீஸைக் கண்காணித்ததும் அவர்கள்தான், ஏழைப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போட்டதும் அவர்கள்தான். 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தொடங்கியவர்கள் பெயரை எடுத்தது இவர்களிடமிருந்துதான். நம்ம ஊர் விடுதலைச் சிறுத்தைகளின் பெயரில் இருக்கும் சிறுத்தைக்கும் பூர்வீகம் அங்கேதான்.

1969 ஏப்ரலில் நியூயார்க் போலீஸ் அந்தக் கட்சிக்காரர்கள் 21 பேர் மேல் வெடிகுண்டுச் சதி வழக்குப் போட்டது. அதில் அஃபேனியும் ஒருவர். வயது 22. வக்கீல் வேண்டாம், என் வழக்கை நானே வாதாடிக்கொள்கிறேன் என்று நின்றார். சட்டம் படித்தவர் இல்லை. ஜாமீனில் வெளியே இருந்தபோது கர்ப்பமானார். உடன் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேர் தலைமறைவானதும் இவரது ஜாமீனும் ரத்தாகி, வயிற்றில் பிள்ளையோடு மறுபடி ஜெயிலுக்குப் போனார். கட்சிக்குள் தோழராக நடித்து ஊடுருவிய போலீஸ்காரரை அவரே கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்து, தான் செய்தது சமூக வேலைதான் என்பதை அந்த ஆள் வாயாலேயே வரவழைத்தார். 1971 மே மாதம் தீர்ப்பு வந்தது. 156 குற்றச்சாட்டுகள், அத்தனையிலும் எல்லாரும் விடுதலை. சுமார் ஒரு மாதம் கழித்து, ஜூன் 16-ல் பிள்ளை பிறந்தது.

பிறந்தபோது வேறு பெயர் இருந்தது. பிறகு அம்மா வைத்த பெயர்தான் டூபாக் அமாரு. 1780-ல் பெருவில் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துப் பழங்குடி மக்களைத் திரட்டியவரின் பெயர் அது. அடுத்த வருடமே குஸ்கோ நகரச் சதுக்கத்தில், ஊர் பார்க்க அவரைக் கொடூரமாகக் கொன்றார்கள். தோற்றுப்போன ஒரு புரட்சிக்காரரின் பெயரை, தோற்றுக்கொண்டிருந்த இன்னொரு இயக்கத்தின் பெண் தன் பிள்ளைக்கு வைத்தார். போராளியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்து நண்பருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இயக்கம் சிதறியது. மனிதர்களும் சிதறினார்கள். டூபாக்கின் ஞானத்தந்தை ஜெரோனிமோ பிராட், செய்யாத கொலைக்கு 27 வருடம் ஜெயிலில் இருந்தார். 1981-ல் நியூயார்க் அருகே நடந்த ஒரு கொள்ளையில் இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு காவலாளியும் செத்தார்கள். அந்த வழக்கில் வளர்ப்புத் தந்தை முட்டுலு ஷகூரை எஃப்.பி.ஐ. தேடியது, 1986-ல் பிடித்தது. அஃபேனி இரண்டு பிள்ளைகளோடு வீடு மாறி மாறி, கடைசியில் கிராக் என்ற போதையில் விழுந்தார். நீதிமன்றத்தையே அசைத்த பெண் வீட்டு வாடகைக்கு வழியில்லாமல் நின்றார். இயக்கங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். பிள்ளைகளால் அப்படித் தாண்ட முடியாதே.

பையன் 12 வயதில் ஹார்லெமின் அப்போலோ தியேட்டரில் நாடகம் நடித்தான். ஜெஸ்ஸி ஜாக்சனின் அதிபர் தேர்தல் பிரசாரத்துக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சி அது. பால்டிமோரில் கலைப்பள்ளியில் சேர்ந்து ஷேக்ஸ்பியர் படித்தான், கவிதை எழுதினான், பாலே கூட ஆடினான். சொன்னா நம்ப மாட்டீங்க, பின்னாளில் வயிறு முழுக்கப் பச்சை குத்திய அதே ஆள்தான், பள்ளி மேடையில் எலி ராஜா வேஷம் கட்டி ஆடியவன். 1988-ல் படிப்பைப் பாதியில் விட்டுக் குடும்பம் கலிபோர்னியாவுக்கு வந்தது. வந்து சேர்ந்த இடம் மரின் சிட்டி.

இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தியாவிலிருந்து அப்பா அம்மா வந்தால் நாம் எல்லாரும் கோல்டன் கேட் பாலத்துக்கு அழைத்துப் போகிறோம். பாலத்தைத் தாண்டி சாசலிட்டோவில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துப் படம் எடுக்கிறோம். அங்கிருந்து காரில் ஐந்து நிமிடத்தில் மரின் சிட்டி. இரண்டாம் உலகப்போரில் கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்காக 1942-ல் அவசரமாக எழுப்பிய குடியிருப்பு. தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் வந்து குடியேறினார்கள். போர் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் பக்கத்து ஊர்களில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். கறுப்பினத்தவருக்கு அங்கே விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்த காலம். அதனால் அவர்கள் மட்டும் அங்கேயே தங்கிப்போனார்கள். அமெரிக்காவின் பெரும் பணக்கார மாவட்டங்களில் ஒன்றுக்கு நடுவில் ஒரு சேரி. ஊரும் சேரியும் என்றால் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் எத்தனையோ தடவை அந்த எக்ஸிட்டைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு தடவையும் திரும்பிப் பார்த்ததில்லை.

அங்கேதான் அம்மா முழுதாகப் போதையில் விழுவதைப் பார்த்துவிட்டு டூபாக் வீட்டை விட்டு வெளியேறினார். டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட் என்ற ஓக்லாந்து குழுவில் சாமான் தூக்குபவராக, பின்னால் நின்று ஆடுபவராகச் சேர்ந்தார். 1991 நவம்பரில் முதல் ஆல்பம் வந்தது. அதில் ஒரு பாட்டு, 12 வயதுச் சிறுமி ஒருத்தி பெற்ற குழந்தையைக் குப்பையில் போட்ட செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு எழுதியது. 'பிரெண்டாஸ் காட் எ பேபி'. அந்தச் சிறுமியைத் திட்டுகிற பாட்டு இல்லை அது. அவள் அங்கே வந்து சேர்ந்த வழியில் யார் யாரெல்லாம் நின்றிருந்தார்கள் என்று கேட்கிற பாட்டு. ஹாஸ்டலில் அதைத்தான் நாங்கள் தாண்டித் தாண்டிப் போவோம். பீட் இல்லையாம்.

ஆல்பம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, அக்டோபரில், ஓக்லாந்தில் பிராட்வேயும் 17-வது தெருவும் சந்திக்கிற இடத்தில் ரோட்டைத் தப்பாகக் கடந்தார் என்று இரண்டு போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரைக் கேலி செய்தார்கள். இவர் எதிர்த்துப் பேசினார். கழுத்தை நெரித்துத் தரையில் முகத்தை மோதினார்கள். ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கடைசியில் சுமார் 42 ஆயிரம் டாலருக்குச் சமரசம் ஆனது. 19-வது தெரு பார்ட் ஸ்டேஷனில் இறங்கி அதே இடத்தை நான் தினமும் கடக்கிறேன். கையில் ஃபோன், காதில் மீட்டிங், சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கூடப் பார்ப்பதில்லை. ஒருவரும் என்னை நிறுத்தியதில்லை. 2023-லிருந்து கலிபோர்னியாவில், ஆபத்து இல்லாதபோது அப்படிக் கடப்பவரைப் போலீஸ் நிறுத்தக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. என் பெயரையும் இங்கே ஒருவரும் சரியாகச் சொல்வதில்லைதான். ஆனால் அதற்காக என் முகம் தரையில் படவில்லை.

அடுத்த வருடம் டெக்சாஸில் ஒரு இளைஞன் போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றான். காரில் இந்த ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது என்று அவன் தரப்பு சொன்னது. துணை அதிபர் டான் குவேல், இந்த ஆல்பத்துக்குச் சமூகத்தில் இடமே இல்லை என்ற அளவுக்குப் பேசினார். 21 வயதுப் பையனுக்கு அது பெரிய விளம்பரமாகத்தான் முடிந்தது.

1993-ல் வந்த 'கீப் யா ஹெட் அப்' பாட்டை லடாஷா ஹார்லின்ஸ் நினைவுக்குச் சமர்ப்பித்தார். லாஸ் ஏஞ்சலஸில் 1991 மார்ச்சில், ஒரு ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலைத் திருடினாள் என்று நினைத்துக் கடைக்காரப் பெண்மணி சுட்டதில் செத்துப்போன 15 வயதுப் பெண். கையில் ஜூஸுக்கான காசு இருந்தது. சுட்டவர் கொரியாவிலிருந்து வந்து குடியேறியவர். குற்றவாளி என்று ஜூரி சொன்ன பிறகும் அவருக்குச் சிறைத் தண்டனை கிடைக்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்றால் அமெரிக்காவில், கனடாவில், லண்டனில் நம்மவர்கள் எத்தனை பேர் அந்த மாதிரி ஏரியாவில் கடை வைத்திருக்கிறோம்! கறுப்பினப் பையன் உள்ளே நுழைந்தால் கண் தானாக அவன் கைக்குப் போகிறது. என் மாமா ஒருவர் பெட்ரோல் பங்க் நடத்துகிறார், நல்ல மனிதர், இதைச் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். கல்லாவுக்கு எந்தப் பக்கம் நாம் நிற்கிறோம் என்பதை இந்தப் பாட்டு நேராகக் கேட்கிறது.

இப்போது பையனின் அப்பா சொன்ன பக்கத்துக்கு வருகிறேன். அதை மறைத்தால் இந்தக் கட்டுரையே பொய்.

1992-ல் மரின் சிட்டி விழாவில் டூபாக் தரப்புக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் தகராறு. அவர் பெயரில் பதிவான துப்பாக்கியிலிருந்து பாய்ந்த குண்டு, அந்தப் பக்கம் சைக்கிளில் இருந்த ஆறு வயதுக் குழந்தையைக் கொன்றது. குண்டைச் சுட்டது அவர்தான் என்று யார் மேலும் வழக்கு நிற்கவில்லை. அவர் தரப்பு பணம் கொடுத்துக் குடும்பத்தோடு சமரசம் ஆனது. 1993 நவம்பரில் நியூயார்க் ஹோட்டலில் ஒரு இளம்பெண், இவரும் இவர் கூட்டாளிகளும் தன்னைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள் என்று புகார் கொடுத்தார். இவர் மறுத்தார். 1994 டிசம்பர் 1-ல் ஜூரி பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்து, பாலியல் துன்புறுத்தலுக்குக் குற்றவாளி என்றது. அதற்கு முந்தின ராத்திரிதான் டைம்ஸ் ஸ்கொயர் ஸ்டூடியோ ஒன்றின் வாசலில் ஐந்து குண்டுகள் வாங்கியிருந்தார். தீர்ப்பைக் கேட்கச் சக்கர நாற்காலியில் வந்தார்.

பெண்களுக்குத் தலைநிமிரச் சொல்லிப் பாட்டு எழுதிய அதே வருடம் இது. அவரது ரசிகர்கள் பலர் இதைச் சதி என்று தள்ளிவிடுகிறார்கள். என்னால் அப்படித் தள்ள முடியவில்லை. பாட்டு நல்ல பாட்டு, அந்தப் பெண்ணின் புகாரும் தீர்ப்பான புகார். இரண்டையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கனடா எல்லையை ஒட்டிய கிளின்டன் சிறையில் இருந்தபோது, 1995 மார்ச்சில், 'மீ அகெயின்ஸ்ட் தி வேர்ல்டு' வெளியாகி பில்போர்டில் முதலிடத்துக்கு வந்தது. ஜெயிலில் இருந்தபடி முதலிடம் பிடித்த முதல் பாடகர். அந்த ஆல்பத்தில்தான் 'டியர் மாமா'. அம்மாவின் போதையை மறைக்காமல் சொல்லி, அதோடேயே நன்றியும் சொல்கிற பாட்டு. நம்ம சினிமா அம்மா பாட்டுகளில் அம்மா தெய்வமாகிவிடுவார், அவருக்குத் தப்பு செய்யவே உரிமை கிடையாது. இதில் அம்மா மனுஷி.

அக்டோபரில் டெத் ரோ நிறுவனத்தின் சுக் நைட் 14 லட்சம் டாலர் ஜாமீனுக்கு ஏற்பாடு செய்தார். பதிலுக்கு மூன்று ஆல்பம். நான்கு மாதத்தில் 27 பாட்டுகளோடு 'ஆல் ஐஸ் ஆன் மீ' வந்தது. எங்கள் ஹாஸ்டல் ஃபோல்டரில் பாதி அதுதான். ஒரு காலத்தில் நண்பராக இருந்த நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. மேல் பகை, கிழக்குக் கரை மேற்குக் கரைச் சண்டை என்று கடைசி வருடம் போய்விட்டது. கருஞ்சிறுத்தைகள் வீட்டில் வளர்ந்தவர் தன் வயதுக் கறுப்பின இளைஞன் மேலேயே அத்தனை வெறுப்பைக் கொட்டிய வருடம். இதை விரிவாக எழுத எனக்கு மனமில்லை.

1996 செப்டம்பர் 7, லாஸ் வேகாஸ். மைக் டைசன் குத்துச்சண்டை பார்த்துவிட்டு வந்தவர்கள் எம்ஜிஎம் ஹோட்டல் லாபியில் ஒருவனை அடித்தார்கள். அன்று ராத்திரி சிக்னலில் நின்ற காரின் மேல் குண்டுகள் பாய்ந்தன. ஆறு நாள் கழித்து, 13-ம் தேதி இறந்தார். வயது 25. அந்த வயதில் நான் சென்னையில் பெஞ்ச்சில் உட்கார்ந்து ஆன்சைட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். அவர் நான்கு ஆல்பம், அரை டஜன் படம், ஒரு ஜெயில், இரண்டு துப்பாக்கிச் சூடு முடித்திருந்தார். ஆறு மாதத்தில் பி.ஐ.ஜி.யும் சுட்டுக் கொல்லப்பட்டார், 24 வயதில். டூபாக் கொலையில் ஒருவரைக் கைது செய்ய 2023 வரை ஆனது. பிடிபட்டவர் குற்றத்தை மறுத்திருக்கிறார்.

அஃபேனி மகனுக்கு முன்பே போதையிலிருந்து மீண்டிருந்தார். மகன் போன பிறகு டெத் ரோ நிறுவனத்தோடு வழக்காடி, வெளிவராத பதிவுகளின் உரிமையை மீட்டார். 24 வயதில் கோர்ட்டில் கற்றது வீண் போகவில்லை. 'டியர் மாமா'வை 2010-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் காக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. 2016 மே மாதம், 69 வயதில், அஃபேனி இறந்தார். கடைசியாக வாழ்ந்தது சாசலிட்டோவில், தண்ணீர் மேல் ஒரு படகு வீட்டில். அப்பா அம்மாவை நான் நிறுத்திப் படம் எடுக்கிற அதே ஊர். மரின் சிட்டிக்கு அங்கிருந்து ஐந்து நிமிடம்.

அடுத்த சனிக்கிழமை அந்த எக்ஸிட்டில் திரும்பலாம் என்று இருக்கிறேன். பையன் வருகிறேன் என்கிறான். அவன் அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை.