கடல் தாண்டிப் பாடம் சொன்ன தனிநாயகம் அடிகள்

குருண் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவப்போன நம்ம தாத்தா, பாட்டிமார்களில் எத்தனை பேர் ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலைப் பார்த்திருப்பார்கள்? ஆனாலும் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கணும் என்று காசு கொடுத்தது அவர்களைப் போன்ற தொழிலாளிகளும்தான். 1950-களின் நடுவில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று ஒரு நிதி திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்காக அந்தப் பணம். 1956-ல் சிங்கப்பூரில் தொடங்கிய துறை பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. 1961-ல் அதன் தலைவராக வந்து சேர்ந்தவர் யார் தெரியுமா? வெள்ளை அங்கி போட்ட ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்.

சேவியர் தனிநாயகம் அடிகள். இந்து இளைஞர் இதழில் பாதிரியார் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். திருமூலரின் திருமந்திர அடியை வாழ்நாள் முழுக்கத் தன் வழிகாட்டியாக வைத்திருந்தவர் அவர். அது போதாதா?

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஊர்காவற்றுறை, கரம்பொன் கிராமத்தில் 1913 ஆகஸ்ட் 2-ல் பிறந்தார். படிப்பெல்லாம் ஆங்கிலத்தில். கொழும்பில் குருமடம், பிறகு ரோம். அங்கே பல நாட்டு மாணவர்களோடு ஒன்றாகத் தங்கிப் படித்தார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு என்று மொழிகள் வரிசையாக வந்து சேர்ந்தன. 1938-ல் குருவானார். ஒன்று மட்டும் குறை. சொந்த மொழியின் பழைய இலக்கியம் அவருக்குத் தெரியாது!

1940-ல் திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராகப் போனபோது அது அவரை உறுத்தியது. வெட்கப்பட்டு ஒளியவில்லை. குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் மாணவனாக உட்கார்ந்தார். பாதிரியாருக்கு ஐயர் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அதுவும் போதாமல் 1945-ல், 32 வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் முதுகலை, ஆய்வுப் பட்டம் எல்லாம் வாங்கினார். சங்கப் பாடல்களில் இயற்கை எப்படி வருகிறது என்பது அவருடைய ஆய்வு. “எனக்குத் தமிழ் சரியா வராது” என்று எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத் தேர்வை விட்டுவிடும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1952-ல் இரண்டு வேலைகள் சேர்ந்து தொடங்கின. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளர் ஆனார். கூடவே ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழையும் நடத்தினார். ஏன் ஆங்கிலம்? தமிழைப் படிக்க ஆசைப்பட்ட வெளிநாட்டு இளைஞன் ஒவ்வொருவனும் அப்போது தனித்தனித் தீவு மாதிரி கிடந்தான். பிராக் நகரத்தில் கமில் சுவலபில் என்றொரு செக் இளைஞர். பனிப்போர்க் காலம். நினைத்தால் மதராசுக்கு வந்து போக முடியாது. அப்படிப்பட்டவருடைய கட்டுரைகளை இந்த இதழ் அச்சிட்டது. பிற்காலத்தில் தமிழ் இலக்கிய வரலாற்றை மேற்குலகுக்கு எடுத்துச் சொன்ன பெரிய அறிஞர்களில் அந்த சுவலபிலும் ஒருவர். மாணவனை வளர்ப்பது என்றால் வகுப்பறைக்குள் மட்டும் நடக்கிற காரியமில்லை, பாருங்க.

இதற்கிடையில் இலண்டனில் பண்டைத் தமிழர் கல்வி பற்றி ஆராய்ந்து 1957-ல் முனைவர் பட்டம் பெற்றார். இலங்கையில் 1956-ல் வந்த சிங்களம் மட்டும் சட்டத்தை எழுத்திலும் பேச்சிலும் எதிர்த்தார். அங்கே சூழ்நிலை இறுகிக்கொண்டு போன நேரத்தில்தான் மலாயாவின் அழைப்பு வந்தது.

கோலாலம்பூரில் எட்டு ஆண்டுகள். அவர் இருந்த காலத்துத் துறையைக் கவனித்தால் ஒன்று தெரியும். சங்க இலக்கியம் மட்டும்தான் ஆராய்ச்சிக்கு உரியது என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. கீழ்ப் பேராக் தமிழர்களின் பேச்சுச் சொற்களை இராம சுப்பையா ஆராய்ந்த நூல் 1966-ல் துறை வெளியீடாக வந்தது. லயத்து வீட்டில் பேசுகிற தமிழுக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது! அதே ஆண்டு அடிகள் தமிழாய்வு நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியல் தயாரித்து வெளியிட்டார். பட்டியல்தானே என்று தோன்றும். இணையம் இல்லாத நாளில், அந்நிய ஊர் நூலகத்தில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிற மாணவனுக்கு அதைவிடப் பெரிய உதவி என்ன இருக்கு? வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்டெடுத்த 1679-ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துகீசிய அகராதியும் அந்த 1966-லேயே இங்கே மறுபதிப்பானது.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1964 ஜனவரி 7-ல், டில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு நடந்தபோது ஒரு சின்னக் கூட்டம் போட்டார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவர். செயலாளர்களாக அடிகளும் அதே சுவலபிலும். சக மனிதரையெல்லாம் உறவாகப் பார்த்த கணியன் பூங்குன்றனாரின் அடியே மன்றத்தின் கொள்கை வாசகம். முதல் மாநாட்டை மதராசிலோ பாரிசிலோ வைத்திருக்கலாம். ஆனால் 1966 ஏப்ரலில் அது கூடியது கோலாலம்பூரில். திறந்து வைத்தவர் நம்ம கெடா அரச குடும்பத்துப் பிள்ளை, பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். தோட்டத்து வெள்ளியும் சேர்ந்து வளர்ந்த துறை இருந்த ஊருக்கு, உலகத்து அறிஞர்கள் தேடி வந்தார்கள்.

1969-ல் பதவியை விட்டுப் போனார். அடுத்த மாநாடுகள் 1968-ல் சென்னையிலும் 1970-ல் பாரிசிலும் நடந்தன. 1974-ல் அவருடைய சொந்த யாழ்ப்பாணத்தில் கூடிய நான்காவது மாநாட்டின் கடைசி நாளில் காவல்துறை கூட்டத்துக்குள் புகுந்தது, உயிர்கள் போயின. பிறந்த மண்ணிலேயே அதைப் பார்க்க வேண்டியதாயிற்று அவருக்கு.

1980 செப்டம்பர் 1-ல் அடிகள் காலமானார். நாலு மாதம் கழித்து மதுரையில் ஐந்தாவது மாநாடு அவர் இல்லாமல் கூடியது. ஆறாவது மாநாடு, 1987-ல், மறுபடியும் கோலாலம்பூருக்கே வந்தது.