மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த கிறீன்

கடந்த ஆண்டு பங்குனி மாதத்தில் ஒருநாள், பண்டித வகுப்பு மாணவர்க்கு எழுத்துக்களின் பிறப்பைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். மேற்பல்லின் அடியை நாநுனி பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கும். மேற்பல் கீழுதட்டைப் பொருந்த வகரம் பிறக்கும். முப்பது ஆண்டுகளாக இதனைச் சொல்லியும் செய்துகாட்டியும் வருகின்றேன். அன்றைக்குச் செய்துகாட்ட என் வாயில் மேல்வரிசைப் பல் இல்லை. கட்டுப்பல் பொருத்துவதற்காக அவற்றைக் களைந்து இரண்டு கிழமையே கழிந்திருந்தது. வகரம் வரவேண்டிய இடத்தில் வெறுங்காற்று வந்தது. மாணவர் சிரிக்கவில்லை; அஃது அவர்தம் பண்பு.

பல் போனதைப் பற்றி நான் வருந்தவில்லை. அது போன விதமே என்னை வருத்தியது. இளமையில் வந்த வாதக் காய்ச்சல் என் இருதயத்தின் வால்வு ஒன்றைப் பழுதாக்கிவிட்டது. பல ஆண்டுகளின் முன் அதனை நீக்கிச் செயற்கை வால்வு பொருத்தினர். அன்று தொட்டு, இரத்தம் உறைந்து வால்வை அடைக்காதபடி நாடோறும் ஒரு குளிகை உட்கொண்டு வருகின்றேன். சத்திர சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளொன்று என் கையில் தந்தனர். ஆங்கிலம் எனக்குப் பெயரெழுதுமளவே வரும். தாளைப் பஞ்சாங்கத்தினுள் மடித்து வைத்தேன். பிற்காலத்திற் பல் பிடுங்கச் சென்ற இடத்தில் என் இருதயத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பல்லுக்கும் இருதயத்துக்கும் யாது தொடர்பென்று நானும் சொல்லவில்லை. அன்றிரவு முழுவதும் இரத்தம் நிற்கவில்லை. விடியுமுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றமையால் உயிர் பிழைத்தேன்.

மறுவாரம், என்னிடம் முன்னர்க் கற்று இப்போது மருத்துவம் பயிலும் இளைஞன் ஒருவன் நலம் விசாரிக்க நல்லூருக்கு வந்தான். அவனிடம் அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். அவன் வாசித்துத் தமிழிற் சொன்னான். பல் பிடுங்குமுன் இருதய வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்; இரத்தம் உறையும் அளவைச் சோதித்தறிய வேண்டும்; பல்லில் உள்ள கிருமி இரத்தத்திற் புகுந்து செயற்கை வால்விற் குடியேறாதபடி முன்கூட்டியே மருந்து உட்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் அதில் இருந்தது. சொல்லி முடிக்க ஐந்து நிமிடமும் ஆகவில்லை. பல்லாண்டாக என் பஞ்சாங்கத்தினுள்ளே என் உயிர் மடிந்து கிடந்திருக்கின்றது. தமிழ்ப் பண்டிதனாகிய எனக்கு அது தமிழில் இல்லை.

அப்போதுதான் மானிப்பாயில் வாழ்ந்த கிறீன் வைத்தியரின் நினைவு எனக்கு வந்தது. பலரும் பெயரளவில் அறிந்த அவருடைய வரலாற்றை முறையாக அறிய முற்பட்டேன். அறிந்ததை ஈண்டுச் சுருக்கிச் சொல்கின்றேன்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆந் திகதி அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தார். அதே ஆண்டின் இறுதியில், டிசெம்பர் மாதம், எங்கள் நல்லூரிலே ஆறுமுகநாவலர் பிறந்தார். கிறீனின் தமையனார் அன்றூ ஹஸ்வெல் கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் மாநகரை அமைத்தவர்களுள் ஒருவராகப் பெரும்புகழ் பெற்றார். தம்பியார் நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845இல் வைத்தியரானார். தமையனாரைப் போல அந்நகரிலேயே இருந்து செல்வமும் புகழும் ஈட்டியிருக்கலாம். அவரோ அமெரிக்க மிஷன் சங்கத்தின் வைத்தியராக 1847இற் கப்பலேறினார்.

அவர் புறப்பட்ட காலம் மருத்துவத்தில் ஒரு பெருந் திருப்பம் நிகழ்ந்த காலம். அதற்கு முந்திய ஆண்டு, 1846 ஒக்டோபரில், அதே மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பொஸ்ரன் நகர ஆஸ்பத்திரியில், ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி நோவின்றிச் சத்திர சிகிச்சை செய்யலாமென்பது பலர் முன்னிலையிற் காட்டப்பட்டது. காட்டியவர் வில்லியம் மோர்ற்றன் என்னும் பல் வைத்தியர். கட்டுப்பல் செய்வது அவர் தொழில். தட்டுப் பொருந்த வேண்டுமாயின் பழைய பல்லின் வேர்களையெல்லாம் களைய வேண்டும். நோவுக்கு அஞ்சி வந்தவர்கள் திரும்பிப் போயினர். அவர்களைத் திரும்பவிடாமல் இருத்தற்கு அவர் தேடிய உபாயமே உலகத்துச் சத்திர வைத்தியம் அனைத்துக்கும் உதவிற்று. பல்லைப் பற்றிய ஆராய்ச்சி பல்லோடு நில்லாதென்பதற்கு இஃதொன்றே போதும்.

இருதய நோய்க்கோ அக்காலத்தில் வழி குறைவு. 1816இல் லென்னெக் என்னும் பிரெஞ்சு வைத்தியர் கண்ட நாடிக்குழலால், வால்வு பழுதுற்றதைக் காதாற் கேட்டறியலாம். 1785இல் விதரிங் என்னும் ஆங்கில வைத்தியர் ஆராய்ந்து வெளியிட்ட டிஜிற்றாலிஸ் மூலிகை மருந்தைக் கொடுக்கலாம். அதற்கு மேற் செய்யத்தக்கது அதிகமில்லை. பழுதுற்ற வால்வை நீக்கிச் செயற்கை வால்வு பொருத்தி நோயாளி நெடுநாள் வாழ்வது 1960ஆம் ஆண்டளவிலேதான் கைகூடிற்று.

கிறீன் 1847 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் இருந்து, 1848இல் மானிப்பாயிற் குடியமர்ந்தார். அவருக்கு முன்னரும் மிஷன் வைத்தியர் இங்கு இருந்தனர். பண்டத்தரிப்பில் ஸ்கடர் 1820இலேயே மருந்து கொடுத்தார். ஆயின் ஒரு வைத்தியர் கொடுக்கும் மருந்து அவர் இருக்குமளவே ஊருக்குப் பயன்படும். ஊரிலேயே வைத்தியரை உண்டாக்க வேண்டுமெனக் கருதிய கிறீன், வந்த சில மாதங்களிலேயே உள்ளூர் இளைஞரைச் சேர்த்து மேலைத்தேய மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். இலங்கையில் இத்தகைய மருத்துவக் கல்வி இங்கேதான் தொடங்கிற்று; கொழும்பில் மருத்துவப் பாடசாலை ஏற்பட்டது 1870இல். நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் அதே 1848இல் என்பதை வாசகர் நினைவுகூர்க.

1850இல் அரசாங்க அதிபர் டைக் துரை முதலியோரின் முயற்சியால் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அதுவே. அங்கும் கிறீனுடைய உழைப்பும் அவர் மாணவருடைய உழைப்பும் பயன்பட்டன. பேதி நோய் ஊர்களைச் சூறையாடிய காலம் அது. பரியாரியாரையே நம்பியிருந்த மக்கள் அந்நிய வைத்தியரிடம் எளிதில் வந்துவிடவில்லை. நம் நாட்டு வைத்தியமும் இழிந்ததன்று. நல்லூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரமும் பரராசசேகரமும் வைத்திய நூல்களே. அவை செய்யுளாக இருந்தமையால் மனத்தில் நின்றன. அவற்றுக்குப் பழகிய மக்களிடம் புதிய வைத்தியம் செல்ல வேண்டுமாயின், அதுவும் அவர்கள் மொழியிலேயே பேச வேண்டும் என்பதைக் கிறீன் கண்டுகொண்டார்.

ஆகவே தாம் தமிழ் கற்றார். 1852இல், கற்றர் என்பாருடைய உடல்நூலைத் தழுவி அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் மூன்று பகுதியுடைய நூலை வெளியிட்டார். அங்காதிபாதமாவது உடலின் உறுப்பமைப்பு; சுகரணவாதமாவது அவ்வுறுப்புக்களின் தொழில்; உற்பாலனமாவது உடலைப் பேணும் முறை. கேசாதிபாதம் பாடிப் பழகிய புலவர்க்கு அங்காதிபாதம் என்னும் பெயர் கேட்டவுடனே பொருள் தரும். இறைவன் திருமேனியை முடிமுதல் அடிவரை வருணிக்கும் பிரபந்த மரபின் சாயலை, மனித உடலை அறுத்து ஆராயும் சாத்திரத்துக்குப் பெயராக்கிய நயத்தை எண்ணி வியக்கின்றேன்.

1857இற் பிரசவ வைத்தியம் வெளிவந்தது. தளர்ந்த உடலோடு தாயகம் சென்ற கிறீன், 1862இல் மணம் புரிந்து மனைவியாரோடு மீண்டார். இரண்டாம் முறை வந்தபின் ஒரு துணிவு கொண்டார். அதுவரை ஆங்கிலத்திற் கற்பித்து வந்த மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க உத்தியோகம் பெற்று வெளியிடங்களுக்குச் சென்றனர். ஊரில் இருந்து ஊராருக்குப் பணிசெய்ய வைத்தியர் வேண்டுமாயின் ஊர்மொழியிற் கற்பிப்பதே வழியென்று அவர் தெளிந்தார். மேல்நாட்டுச் சாத்திரம் கற்றோர் உடையாலும் நடையாலும் மேல்நாட்டவராக மாறுவதையும் அவர் விரும்பவில்லை. தமிழர் தமிழராகவே இருத்தல் வேண்டுமென்பது அவர் கொள்கை.

கற்பிக்க நூல் வேண்டுமல்லவா? மாணவரைத் துணைக்கொண்டு பெருநூல்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். ட்றூயிற் என்பாரின் சத்திர நூல் 1867இல் இரணவைத்தியமாயிற்று. 1858இல் லண்டனில் வெளிவந்து இன்றும் மாணவர் கையில் விளங்கும் கிறேயின் உடலமைப்பு நூல், 1872இல் மனுஷ அங்காதிபாதமாயிற்று. அதே ஆண்டில் வைத்தியாகரமும், 1875இற் கெமிஸ்தமும் வெளிவந்தன. எல்லாம் சேர்ந்து 4000 பக்கங்களைக் கடந்தன. கலைச்சொற் றொகுதிகளையும் அவர் வெளியிட்டார்.

கிறேயின் நூலிற் பல்லும் உண்டு, இருதயமும் உண்டு. பல்லின் வகையும் வேரும், இருதயத்தின் அறையும் வால்வும் அங்கே ஒன்றுவிடாமற் சொல்லப்படும். அத்துணைக்கும் தமிழிற் பெயர் காண வேண்டியிருந்தது. அதற்கு அவர் கொண்ட முறை எளியது. முதலிலே தமிழிற் சொல்லைத் தேடுக. தமிழிற் கிடையாதாயின் வடமொழியிற் கொள்க. அங்கும் பொருந்தாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசையத் திரித்து எழுதுக. ரகரம் மொழிக்கு முதலாகாமையின் ரணம் இரணமாயிற்று. கெமிஸ்தம் மூன்றாம் வழியிற் பிறந்தது. இன்று நாம் அதனை இரசாயனம் என்போம். கெமிஸ்தம் என்னும் சொல்லைக் கண்டு நகைப்போர் உளர். நானும் இளமையில் நகைத்தவனே. சொல் நிலைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தச் சொல் இருந்தமையால் ஒரு மாணவன் அந்தச் சாத்திரத்தைத் தாய்மொழியிற் கற்றான் என்பதும் உண்மை. பண்டிதர்க்கு முன்னதுதான் கண்ணிற்படும்.

கிறீனிடம் அறுபதுக்கு மேற்பட்டோர் மருத்துவம் கற்றுத் தேறினர். 1873இல் உடல்நலங் குன்றியமையால் அவர் நாடு திரும்பினார், மீண்டும் வரவில்லை. ஆயினும் வேலையை விடவில்லை. யாழ்ப்பாணத்து மாணவர் அனுப்பிய கையெழுத்துப் பிரதிகளை வூஸ்ரரில் இருந்தபடியே திருத்தி அனுப்பினார். மனுஷ சுகரணம் என்னும் பெருநூல் அவ்வாறு வெளிவந்தது. 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி காலமானார். தமிழருக்கு வைத்தியனாக இருந்தமையைத் தம் கல்லறையிற் குறிக்கும்படி அவர் விரும்பினார், அவ்வாறே குறித்தனர். மானிப்பாயில் அவர் பெயர் தாங்கி எழுந்த வைத்தியசாலை அவரை நமக்கு நினைவூட்டுகின்றது.

அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதை மறைத்தல் முறையன்று. அதனை எதிர்த்து நின்றவர் நாவலர். இருவரும் சமயத்தில் எதிர்த்திசையினர். ஆனால் இருவரும் செய்த ஒரு காரியம் ஒன்றே: செய்யுளிலே பழகிய தமிழை வசனத்தில் நடத்திப் புதிய சுமையைச் சுமக்கச் செய்தனர். நாவலர் வைத்த சுமையை நாம் இன்றுவரை சுமந்து வருகின்றோம். கிறீன் வைத்த சுமையை, அவர் போன சில காலத்திலேயே இறக்கி வைத்துவிட்டோம். அரசாங்கம் ஆங்கிலத்தை வேண்டிற்று. உத்தியோகமும் ஆங்கிலத்தை வேண்டிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் மருத்துவ பீடம் தொடங்கியபோதும் மொழி ஆங்கிலமே. உலகத்து ஆராய்ச்சிகளெல்லாம் ஆங்கிலத்தில் வெளிவரும்போது வைத்தியர் ஆங்கிலம் கற்பதை நான் குறைகூறேன். கற்றதை நோயாளிக்குத் தமிழிற் சொல்லுதலும் வைத்தியத்தின் ஒரு பகுதி என்பதே என் கருத்து.

குறை வைத்தியரிடம் மாத்திரமன்று. அரசாங்கமும் ஆங்கிலமும் என்று சொல்லி நாம் தப்பமுடியாது. கடல்கடந்து வந்த ஒருவர் உறுப்புக்கெல்லாம் தமிழிற் பெயர் தேடியபோது, அந்தப் பெயர்களைத் திருத்தியும் பெருக்கியும் காக்க வேண்டியவர் பண்டிதராகிய நாமே. நாம் பல்லை முத்தென்றும் முல்லையென்றும் உவமித்துவிட்டு அமைந்தோம்.

அன்று வந்த மாணவனும் நானும் அந்தத் தாளைத் தமிழில் எழுதினோம். ஒரு பிற்பகல் சென்றது. கசிவு, ஈறு என்பவை தமிழிலே கிடைத்தன. இருதயத்தை வடமொழி தந்தது. வால்வை வால்வு என்றே எழுதிவிட்டோம். எழுதி முடித்தபின்புதான் கிறீனுடைய மூன்று வழிகளிலும் நடந்திருக்கின்றோம் என்பதை உணர்ந்தேன். பிரதிகள் எடுத்து, பல் பிடுங்கப்பட்ட இடத்திலும் ஒன்று கொடுத்தேன், நன்றியோடு பெற்றுக்கொண்டனர்.

இப்போது கட்டுப்பல் நன்கு பொருந்திவிட்டது. வகரம் பழையபடி பிறக்கின்றது. எழுத்துக்களின் பிறப்பைக் கற்பிக்கும் நாளில், பாடம் முடிந்தபின் மாணவர்க்கு அந்தத் தாளையும் ஒருமுறை வாசிக்கக் கொடுக்கின்றேன்.