வேகத்தை மீட்ட யோகென் லீட்கே

மைக்ரோகெர்னல் என்றாலே மெதுவானது என்று இயங்குதள வகுப்பில் ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். அந்த வரியைப் பொய்யாக்கியவர் யோகென் லீட்கே. 1953இல் பிறந்த ஜெர்மானியர், கணிதம் படித்தவர்.

இயங்குதளத்தின் மையமான கெர்னலை மிகச் சிறியதாக வைத்து, கோப்பு முறைமை, சாதன இயக்கிகள் முதலியவற்றை வெளியே தனி நிரல்களாக ஓடவிடுவதே மைக்ரோகெர்னல். ஒன்று பழுதானாலும் மற்றவை தப்பிக்கும். ஆனால் அவை பேசிக்கொள்ள, கெர்னல் வழியே ஓயாமல் செய்தி அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் மாக் கெர்னல் இதில்தான் திணறியது. கருத்தே தவறென்று பலர் கைவிட்டார்கள்.

கட்டிய விதத்தில்தான் குறை என்றார் லீட்கே. 1993இல், 50 மெகாஹெர்ட்ஸ் 486 கணினியில், அவருடைய எல்3 ஒரு சிறு செய்தியை 5 மைக்ரோவினாடியில் சேர்த்தது. மாக்குக்கு 115 ஆனது! சிறு செய்திகளை நினைவகத்துக்கே அனுப்பாமல் செயலியின் பதிவகங்களிலேயே கொண்டுசென்றார். அடுத்து வந்த எல்4, அசெம்பிளியில் எழுதப்பட்டது. அளவு வெறும் 12 கிலோபைட்.

ஒவ்வொரு செயலிக்கும் கெர்னலைப் புதிதாகவே எழுத வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பின்வந்தோர் சி, சி++ மொழிகளில் எழுதியும் வேகம் பெரிதாகக் குறையவில்லை.

1999இல் கார்ல்ஸ்ரூஹ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2001 ஜூனில், 48 வயதில் மறைந்தார். எல்4 வழிவந்த எஸ்இஎல்4 கெர்னலின் நிரல் பிழையற்றதென ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணித முறையில் நிறுவியது 2009இல். அதை அந்தக் கணித மாணவர் பார்க்கவில்லை.