காடறிந்த கார்பெட்

இமயமலைச் சாரலில் குமாவுன் என்னும் மலைநாடு உள்ளது. இன்று உத்தராகண்ட மாநிலத்தின் ஒரு பகுதியாக விளங்கும் அந்நாட்டின் நைனிதால் நகரில், 1875ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25ஆம் நாள் ஜிம் கார்பெட் பிறந்தார். தந்தையார் அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவர். அவர் 1881இல் மறையவே, பெரிய குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு அன்னையாரைச் சார்ந்தது.

குளிர்காலத்தில் அக்குடும்பத்தார் மலையடிவாரத்துக் காலாதுங்கி என்னும் ஊரில் தங்குவர். அங்கிருந்த காடே கார்பெட்டிற்குப் பள்ளியாயிற்று. மண்ணிற் பதிந்த அடிச்சுவடு கொண்டு, அவ்வழிச் சென்ற விலங்கு யாது, சென்ற பொழுது எது என அவர் அறிந்தார். மானும் குரங்கும் அஞ்சி எழுப்பும் ஒலி கேட்டுப் புலி செல்லும் திசையை உணர்ந்தார். வளர்ந்தபின் இருப்புப்பாதைப் பணியில் அமர்ந்து, கங்கைக்கரையிலுள்ள மொகாமா துறையில் சரக்குகளை மாற்றியேற்றும் வேலையை இருபது ஆண்டுகளுக்குமேல் நடத்தினார். ஆங்குத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி ஏற்படவும் துணைநின்றார்.

அந்நாளில் சம்பாவத் என்னும் பகுதியில் ஒரு பெண்புலி மக்களைக் கொன்று திரிந்தது. நேபாளத்திலும் குமாவுனிலுமாக அதற்கு இரையானோர் 436 பேர் எனக் கணக்கிடப்பட்டது. ஊரார் கதவடைத்து வீட்டினுள் ஒடுங்கினர், வயல்கள் பாழாயின. அப்புலியை வேட்டையாட இசைந்த கார்பெட், அதன் தலைக்கு அறிவித்த பரிசுப் பொருளை அரசு முதலில் நீக்கிவிடவேண்டும் என்றார். பொருளுக்காகக் கொல்வோருள் ஒருவராக எண்ணப்பட அவர் விரும்பவில்லை. 1907இல் அப்புலி வீழ்ந்தது.

இறந்த புலியின் வாயை அவர் ஆராய்ந்தார். வலப்புறத்துக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. முன்னொருநாள் எவனோ சுட்ட குண்டால் நேர்ந்த ஊறு அது. பல்லிழந்த புலி, தனக்கு இயல்பான இரையைப் பற்ற மாட்டாமல் மனிதரைக் கொல்லத் தொடங்கிற்று. மக்களை நடுங்கவைத்த கொடுமைக்கு மனிதன் கையே வித்திட்டது என்னும் உண்மை அவருக்குப் புலனாயிற்று. புலி இயல்பாகவே மனிதப்பகை கொண்டதன்று என்பதைப் பின்னர்த் தம் நூல்களில் தெளிவுறுத்தினார்.

உருத்திரப்பிரயாகையில் எட்டாண்டுகளில் 125 பேரைக் கொன்ற சிறுத்தையை 1926இல் வீழ்த்தினார். மக்களைக் காக்க அறுபது வயது கடந்தும் துப்பாக்கி ஏந்தினார். எனினும் பொழுதுபோக்கிற்காகப் புலியைச் சுடுவதைக் கைவிட்டு, ஒளிப்படக்கருவியைக் கைக்கொண்டார். கானகத்தைக் காக்குமாறு மாணவரிடமும் மற்றோரிடமும் பேசினார். 1936இல் அப்பகுதியில் நாட்டின் முதல் தேசியப் பூங்கா அமைய அவரும் பாடுபட்டார்.

1944இல் வெளிவந்த குமாவுன் ஆட்கொல்லிகள் பற்றிய அவர்தம் நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பெற்று உலகெங்கும் பரவியது. 1952இல் வெளிவந்த ‘என் இந்தியா’ என்னும் நூலில், தம்முடன் வாழ்ந்த ஏழை எளியோரின் நேர்மையையும் உழைப்பையும் போற்றினார்.

1947இல் கென்யா நாட்டிற்குச் சென்ற அவர், 1955 ஏப்பிரல் 19ஆம் நாள் அங்கேயே மறைந்தார். பின்னர் அத்தேசியப் பூங்காவிற்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது. 1973இல் புலிகளைக் காக்கும் அரசின் திட்டமும் அவ்விடத்திலேயே தொடங்கிற்று. புலியை வீழ்த்தியவர் பலர். வீழ்ந்த புலியின் புண்ணை நோக்கி அதன் காரணத்தை ஆராய்ந்தமையாலன்றோ கார்பெட் இன்றும் நினைக்கப்படுகிறார்!