கொடுமுடியின் குரல்

ஈரோட்டிலிருந்து கரூர் செல்லும் இருப்புப்பாதையில், காவிரிக் கரையில் அமைந்த சிற்றூர் கொடுமுடி. அங்கே 1908ஆம் ஆண்டு பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். பெயரின் முன்னுள்ள எழுத்துகளுள் ஒன்று ஊரையும், மற்றொன்று தாய் பாலாம்பாளையும் குறிக்கும். சுந்தராம்பாள் இளமையிலேயே தந்தையை இழந்தார். தாய் வறுமையோடு போராடித் தம் மக்களை வளர்த்தார்.

குடும்பத்தின் துயர் கண்ட சிறுமி, தொடர்வண்டிகளில் பாடிப் பொருளீட்டத் தொடங்கினார். சக்கரங்களின் ஓசையையும் மீறி ஒலித்தது அக்குரல். பயணிகள் பேச்சை நிறுத்திக் கேட்டனர். அக்குரலின் சிறப்பை உணர்ந்தவர்களால் அவர் நாடகக் குழுவில் சேர்க்கப்பட்டார்.

திரைப்படம் பேசத் தொடங்காத காலம் அது. இசையையும் கதையையும் ஊர்தோறும் எடுத்துச் சென்றவை நாடகக் குழுக்களே. ஒலிபெருக்கி இல்லாமையால், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்படி நடிகர் பாட வேண்டியிருந்தது. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாகச் சுந்தராம்பாள் தோன்றினார். பசியை அவர் நடித்துக் கற்க வேண்டியதில்லை. அதை அவர் முன்பே அறிந்திருந்தார். கேட்டவர் கண் கலங்கினர். நாடகமேடையே அவருக்குப் பள்ளியாயிற்று.

இலங்கையிலும் அவர் புகழ் பரவியது. அங்கு நாடகங்களில் நடித்தபோது, செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து பாடும் வாய்ப்புக் கிட்டியது. இருவரும் போட்டியிட்டுப் பாடுவதைக் கேட்க மக்கள் திரண்டனர். மேடையில் இணைந்தவர்கள் வாழ்விலும் இணைந்தனர். ஆயினும் அவ்வாழ்வு நீடிக்கவில்லை. 1933ஆம் ஆண்டு கிட்டப்பா தமது 27ஆம் வயதில் மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்றுமுதல் அவர் வெண்ணிற ஆடையே உடுத்தார். எந்த ஆடவருடனும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். மேடையையும் துறந்து ஒதுங்கியிருந்தார். விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி முதலியோரின் ஊக்கத்தால் அவர் குரல் மீண்டும் ஒலித்தது. காங்கிரஸ் கூட்டங்களில் அவர் பாடிய நாட்டுப்பற்றுப் பாடல்கள் மக்களை எழுச்சியுறச் செய்தன.

‘நந்தனார்’ படத்தில் நடிக்குமாறு அழைப்பு வந்தபோது, அவர் ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் கேட்டார். அத்துணைப் பெருந்தொகை கேட்டால் வந்தவர்கள் திரும்பிவிடுவர் என்பது அவர் எண்ணம். அவர்களோ இசைந்தனர். 1935ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தில் அவர் நந்தனாராகவே ஆண் வேடம் தாங்கினார். இணையாக நடிக்க ஆடவர் வேண்டாத வேடமாதலால் அவரது உறுதியும் குலையவில்லை. 1953இல் ‘ஔவையார்’ படம் அவரைத் தமிழ் மூதாட்டியாகவே மக்கள் நெஞ்சில் நிறுத்தியது.

1951ஆம் ஆண்டு அவர் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியத் திரைக் கலைஞருள் சட்டமன்றத்துள் நுழைந்த முதல்வர் அவரே. 1970இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. 1980ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

தொடர்வண்டியில் காசுக்காகப் பாடிய சிறுமியும் சட்ட மேலவையில் அமர்ந்த அம்மையாரும் ஒருவரே. இடையில் மேடைகள் மாறின, ஊர்கள் மாறின, வாழ்வும் மாறியது. தமிழ்ச் சொல்லைத் தெளிவுற ஒலிக்கும் அவரது குரல் மட்டும் மாறவில்லை.

சொற்பொருள்
இருப்புப்பாதை – தொடர்வண்டி செல்லும் பாதை
பொருளீட்டுதல் – பணம் சேர்த்தல்
இசைந்தனர் – ஒப்புக்கொண்டனர்

வினாக்கள்
1. கே. பி. என்னும் எழுத்துகள் எவற்றைக் குறிக்கின்றன?
2. நாடக நடிகர் தெளிவாகப் பாட வேண்டியிருந்தது ஏன்?
3. சுந்தராம்பாள் தம் உறுதியைக் காத்துக்கொண்டே ‘நந்தனார்’ படத்தில் நடித்தது எவ்வாறு?