பர்க்கும் பிரிஸ்டல் ஓட்டர்களும்

சட்டசபை அங்கத்தினர் ஓட்டுக் கொடுத்தவர்களின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவரா, அல்லது தமது மனச்சாக்ஷிக்குக் கட்டுப்பட்டவரா என்ற விவகாரம் எழும்போதெல்லாம் எட்மண்டு பர்க்கின் பெயர் அடிபடுவது வழக்கம். பெரும்பாலும், தொகுதி ஜனங்களின் கோபத்துக்கு ஆளான அங்கத்தினர்களே அப்பெயரைத் துணைக்கழைக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அப்பெரியாரின் சரித்திரத்தை முழுதும் அறிவார்களோ, நாமறியோம்.

பர்க் 1729-ம் வருஷம் டப்ளின் நகரில் பிறந்தார். தகப்பனார் பிராட்டெஸ்டண்டு மதத்தைச் சேர்ந்த அட்டர்னி, தாயார் கத்தோலிக்கர். 1750-ல் சட்டம் படிக்க லண்டன் சென்றவர் அதை நடுவிலே விட்டு, எழுதிப் பிழைக்கத் தலைப்பட்டார். 1765-ல் ராக்கிங்ஹாம் பிரபுவுக்குக் காரியதரிசியானார். அவ்வருஷமே வெண்டோவர் தொகுதி மூலம் காமன்ஸ் சபையில் புகுந்தார். அது வெர்னி பிரபுவின் கைக்கு அடங்கிய தொகுதி. அங்கே ஓட்டர்களின் தயவைவிடப் பிரபுவின் தயவே பிரதானம்.

1774-ல் பிரிஸ்டல் அவரைத் தேர்ந்தெடுத்தது. அது பெரிய வியாபாரத் துறைமுகம். சுமார் ஐயாயிரம் ஓட்டர்கள் உள்ள தொகுதி. உடன் தேர்ந்தெடுக்கப்பட்ட க்ரூகர் என்பவர், ஓட்டர்களின் உத்தரவுப்படி நடப்பதாக ஒப்புக்கொண்டார். பர்க்கோ, வெற்றி பெற்ற அன்றே, தம்முடைய உழைப்பு ஓட்டர்களைச் சேர்ந்தது, ஆனால் புத்தியை அவர்களுக்கு ஒப்படைக்க முடியாது என்ற பொருள்படப் பேசினார். பார்லிமெண்டு பல ஊர்களின் ஏஜெண்டுகள் கூடும் சந்தையன்று, ஒரே தேசத்தின் ஆலோசனை சபை என்பது அவர் கக்ஷி.

வக்கீல் தொழில் செய்யும் நமக்கு இதில் ஓர் ஐயம் உண்டு. வாதம் செய்யும் வகையைக் கக்ஷிக்காரர் வக்கீலிடமே விட்டுவிடுகிறார். ஆனால் ராஜி செய்வதானால் வக்கீல் அவரைக் கேட்டே தீரவேண்டும். பர்க் கேட்கவில்லை. 1778-ல் ஐர்லாந்தின் வியாபாரத் தடைகளைத் தளர்த்தும் மசோதாக்களை, பிரிஸ்டல் வியாபாரிகள் வேண்டாமென்று வற்புறுத்தியும், ஆதரித்தார். கத்தோலிக்கரின் கஷ்டங்களைக் குறைக்கும் சட்டத்துக்கும் துணை நின்றார். இரண்டிலும் நியாயம் அவர் பக்கமே. ஆயினும் ஆறு வருஷங்களில் பிரிஸ்டலுக்கு அவர் போனது மிகச் சொற்பம் என்பதையும் சொல்லவேண்டும். தம் நியாயத்தை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லி இணங்கச் செய்வதும் பிரதிநிதியின் கடமையே யன்றோ? 1780-ல் அங்கே மீண்டும் நின்றார். தோல்வி நிச்சயமென்று கண்டு போட்டியிலிருந்து விலகினார். உடனே ராக்கிங்ஹாம் பிரபு தம் வசமிருந்த மால்ட்டன் தொகுதியை அவருக்கு அளித்தார்.

மனச்சாக்ஷியை ஐயாயிரம் பேருக்கு விட்டுக்கொடுக்காதவர் ஒரு பிரபுவின் தயவில் வாழ்ந்தார்! அவர் பிரபுவிடம் கடன்பட்டும் இருந்தார். 1782-ல் பிரபு இறந்தபோது அக்கடன் ரத்து செய்யப்பட்டது. முன்னே நியூயார்க் சட்டசபையின் ஏஜெண்டாகவும் வருஷம் 500 பவுன் சம்பளம் வாங்கியவர். ஆனால் அமெரிக்கர்களுக்காக அவர் வாதாடத் தொடங்கியது அச்சம்பளத்துக்கு வெகு முன்னரே, 1766-ல், ஸ்டாம்பு சட்டத்தை ரத்து செய்த விவாதத்தில். ஆகவே பணத்துக்காகப் பேசினாரென்று நாம் சொல்லத் துணியோம்.

நம்மவர் அறியவேண்டியது ஆற்காட்டு விவகாரம். நவாபு முகம்மது அலிக்குக் கடன் கொடுத்த சென்னைக் கும்பினி உத்தியோகஸ்தர்களில் பெயர் பெற்றவன் பால் பென்பீல்டு. அவன் 1780-ல் தானே காமன்ஸ் சபை அங்கத்தினனானான். அக்கடன்களைத் தக்க விசாரணையின்றிக் கர்நாடகத்தின் வருமானத்திலிருந்து தீர்க்கும்படி பிட் மந்திரிசபையின் காலத்தில் உத்தரவாயிற்று. அதாவது, ஹைதர் அலியின் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் நொந்த குடியானவன் கட்டும் கிஸ்தியிலிருந்து வட்டிக்காரனுக்குப் பணம். 1785-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி பர்க் இதைச் சபையில் அம்பலப்படுத்தினார். கடன்காரர்களின் பணம் தேர்தல்களில் புகுந்து அங்கத்தினர்களை ஆக்கிற்று, அந்த ஓட்டுகளுக்கு ஈடாகவே மந்திரிகள் கடன்களை ஒப்புக்கொண்டனர் என்பது அவருடைய குற்றச்சாட்டு. தீர்மானம் தோற்றது.

பர்க்கின் விரோதிகள் ஒன்றைச் சுட்டிக் காட்டினார்கள். அவருடைய உறவினராகப் பழகிய வில்லியம் பர்க், நவாபின் எதிரியாகிய தஞ்சாவூர் ராஜாவின் ஏஜெண்டு. அது உண்மையே. அந்த உறவினால் அவருக்குத் தென்னாட்டு விவரங்கள் கிடைத்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் தஞ்சையின் பக்ஷபாதம் மட்டும் ஒருவரை வாரன் ஹேஸ்டிங்ஸின் மீது 1788 முதல் 1795 வரை நீண்ட விசாரணைக்குத் தூண்டியிராது. வங்காளத்திலும் காசியிலும் அயோத்தியிலும் பர்க்குக்கு ஓட்டுக் கொடுப்பவர் எவருமில்லை, கூலி கொடுப்பவரும் இல்லை.

1791-ல் பிரெஞ்சுப் புரட்சி விஷயமாக உயிர் நண்பரான பாக்ஸையும் துறந்தார். 1794-ல் மால்ட்டன் ஸ்தானத்தை விட்டு விலகினார். ராக்கிங்ஹாமின் மருமகனான பிட்ஸ்வில்லியம் பிரபு அந்த ஸ்தானத்தைப் பர்க்கின் ஒரே மகன் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். மால்ட்டன் ஜனங்களின் சம்மதம் ஒரு பொருட்டாகவில்லை. சில வாரங்களில், ஆகஸ்டு மாதம், ரிச்சர்டு இறந்தார். மறுவருஷம் பிரபுக்கள் சபை ஹேஸ்டிங்ஸை விடுதலை செய்தது. பர்க் 1797-ம் வருஷம் ஜூலை 9-ந் தேதி பீகன்ஸ்பீல்டில் காலமானார்.